பொக்சிங் டேக்கு ஒட்டாவா போகலாமோ எண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீர் செப்டெம்பரிலைதான் வந்தது எண்டும், ஸ்காபரோவிலை ஒரு பேஸ்மென்றிலை இருக்கிறதெண்டும் எழுதியிருக்கிறீர். வெயார்ஹவுசிலை கூட வேலை செய்யிற பெடியள் 2024 டிசெம்பர் 26 ஒட்டாவாவுக்கு உலக ஜூனியர் ஹொக்கி பாக்கக் கூப்பிடுகினம், ஐஸ் ஹொக்கி ஒரு சொட்டும் தெரியாது, போறதோ விடுறதோ, போனால் என்ன கதைக்கிறது எண்டு கேக்கிறீர். அதோடை கார் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்ட், பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) எண்டு இன்னும் மூண்டு கேள்வி. அந்த மூண்டுக்கும் மறுமொழி சொல்ல இஞ்சை சந்திக்குச் சந்தி ஆள் இருக்கு. அதிலை அரைவாசிப் பேர் கமிஷன்காரர் எண்டதை மட்டும் மனசிலை வையும். ஹொக்கிக் கேள்விக்குத்தான் எங்கடை ஆக்களிட்டை மறுமொழி கிடையாது. அதை நான் சொல்லுறன்.

போம். ஆனால் தெரிஞ்ச மாதிரி நடிச்சுக்கொண்டு போகாதேயும்.

நான் 1990 ஒக்டோபரிலை வந்தனான். வேலை அனுமதி இல்லை, கையிலை காசுக்கு ரொறன்ரோவிலை ஒரு றெஸ்ரோறன்ற் குசினியிலை கோப்பை கழுவினனான். குசினியின்ரை பெரிய சமையல்காரன் நியூபவுண்ட்லாந்து ஆள். அவன்ரை இங்கிலீசு ரொறன்ரோக்காரருக்கே அரைவாசிதான் விளங்கும். எனக்கு அது தெரியாது, குறை என்னிலைதான் எண்டு நினைச்சிருந்தன். கிறிஸ்மஸ் கழிய ஒரு நாள் வந்து, "ராத்திரி மட்ச் பார்த்தியோ" எண்டு கேட்டான். பார்த்தன், வெரி குட், வெரி ஹப்பி எண்டு சொல்லிப்போட்டன். அண்டைக்குக் கனடா செக்கோஸ்லோவாக்கியாவிட்டைத் தோத்திருந்தது. மனுசன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு வேலை முடியும் வரைக்கும், அடிப்பிடிச்ச சட்டியள் முழுக்க என்ரை பக்கம்தான் வந்தது.

அந்த முறை உலக ஜூனியர் போட்டியின்ரை கடைசி ஆட்டம் ஜனவரி 4, சஸ்கற்றூனிலை. அப்ப இறுதியாட்டம் எண்டு தனியா ஒண்டு இல்லை, எல்லாரும் எல்லாரோடையும் ஆடிப் புள்ளி கூட்டுறது. இப்ப இருக்கிற அரையிறுதி, இறுதி எல்லாம் 1996இலை வந்தது. அண்டைக்குக் கனடாவும் சோவியத்தும் ரெண்டுக்கு ரெண்டு. பிரிட்ஜுக்கு மேலை சின்ன ரீவி. நான் சூப்புக் கோப்பையளை அடுக்கித் தூக்கிக்கொண்டு அதுக்கு முன்னாலை போறன், பின்னாலை ஒரு பேய்ச் சத்தம். எனக்கு அந்த நாளிலை சத்தம் கேட்டால் ஒரு வேலைதான் தெரியும். கோப்பையளை விட்டுப்போட்டு நிலத்திலை குப்புறப் படுத்திட்டன். கண்ணைத் திறக்க, மூக்குக்குக் கிட்ட ஒரு கோப்பைத் துண்டு ஆடி ஆடி நிக்குது, கன்னமெல்லாம் சவர்க்காரத் தண்ணி. சமையல்காரன் முழங்காலிலை இருந்து என்னைப் பாக்கிறான், அவன்ரை கண்ணிலையும் தண்ணி. அந்த வெற்றிக் கோலை அடிச்ச ஜோன் ஸ்லேனி அவன்ரை ஊர், சென்ற் ஜோன்ஸ் பெடியன். என்ன நடந்தது எண்டு அவன் கேக்க, முதல்முறையா உள்ளதைச் சொன்னன்: "எனக்கு இந்த விளையாட்டு விளங்காது." உடைஞ்ச கோப்பைக்கு முதலாளி சம்பளத்திலை வெட்டினார். அவன் அடுத்த நாளே கெச்சப்பாலை மேசையிலை கோடு கீறி, உப்புப் போத்திலைக் கோல் காக்கிறவனாக்கி எனக்கு ஓஃப்சைட் எண்ட விதியைப் படிப்பிச்சான்.

அதாலைதான் சொல்லுறன், கேளும். கேட்டால் இந்த நாட்டுச் சனம் மணித்தியாலக் கணக்கிலை சொல்லித்தரும். முதலிலை இவ்வளவும் தெரிஞ்சால் காணும். பத்து நாடு, ரெண்டு குழு, எல்லாரும் 20 வயசுக்கு உட்பட்ட பெடியள். 20 நிமிசப்படி மூண்டு பகுதி. 1977இலை இருந்து முறைப்படி நடக்குது. கனடாக்காரர் முதலிலை ஒழுங்காத் தேர்ந்தெடுத்த தேசிய அணி அனுப்பாமல் அடிவாங்கி, 1982இலை சரிப்பண்ணி அந்த வருசமே தங்கம் எடுத்தவை. 1987 கதையையும் தெரிஞ்சு வையும். செக்கோஸ்லோவாக்கியாவிலை பியெஷ்ரானி எண்ட ஊரிலை கனடாவும் சோவியத்தும் மைதானத்திலை மொத்த அணியோடை அடிபட, நிப்பாட்ட ஏலாமல் விளக்கையே அணைச்சுப்போட்டினம். இருட்டுக்கையும் அடிபாடு நடந்தது. ரெண்டு அணியையும் தள்ளி வைச்சவை. லைற் போனால் சனம் அடங்கும் எண்டு நினைச்ச அந்த அதிகாரியள் யாழ்ப்பாணம் வந்து பார்த்திருக்க வேணும். றஷ்யா இப்ப வாறதில்லை, 2022 உக்ரேன் படையெடுப்புக்குப் பிறகு சேர்க்கேல்லை.

இனிக் காசுக் கதை. கனடா ஆடுற ஆட்டத்துக்கு, அதுவும் 26ஆம் திகதி பின்லாந்தோடை, ரிக்கெற் வாங்க உம்மடை ஒரு கிழமைச் சம்பளத்தைக் குடுக்காதேயும். 2017இலை மொன்றியலிலை விலையைக் கூட்டி வைச்சு, வெறும் கதிரையளுக்குத்தான் ஆட்டம் காட்டினவை. கனடா ஆடாத ஆட்டம் எப்பவும் மலிவு. இந்த முறை மற்றக் குழு, சுவீடன், செக், ஸ்லோவாக்கியா, சுவிஸ், கசகஸ்தான், ரீடி பிளேஸ் எண்ட மற்ற மைதானத்திலை ஆடுது. அங்கை கண்ணாடிக்குக் கிட்ட இடம் எடும். ஐசிலை இரும்பு கீறுற சத்தம் ரீவியிலை வராது. பெடியன் ஒருத்தன் ஐசைச் சுத்தி நிக்கிற பலகையிலை மோதேக்கை உம்மடை கதிரையும் அதிரும்.

கனடா ஆட்டம் நடக்கிற பெரிய மைதானம் ஒட்டாவா நடுவிலை இல்லை, மேற்கை 25 கிலோமீற்றர் தள்ளிக் கனாட்டாவிலை. ஹோட்டலை நடு நகரத்திலை போட்டுட்டு ராத்திரி பஸ்சுக்கு விறைக்கிறவையை நான் கண்டிருக்கிறன். 401 நெடுஞ்சாலையிலை போய் 416 பிடிக்க வேணும், 450 கிலோமீற்றர். காரிலை ஏற முன்னம் வெக்கப்படாமல் குனிஞ்சு ரயரைப் பாரும். பனிக்கால ரயர் கியூபெக்கிலை டிசெம்பர் துவக்கம் மார்ச் நடுப்பகுதி மட்டும் கட்டாயம், ஒன்ராறியோவிலை இல்லை. எங்கடை பெடியள் சட்டம் கேக்காட்டி ரோட்டும் கேக்காது எண்டு நினைக்கிற சாதி. முப்பத்திநாலு வருசம் ஓடுறன், ஒருக்கா எண்டாலும் பள்ளத்துக்கை இறங்கேல்லை.

இன்னொண்டு. பொக்சிங் டே ஒன்ராறியோவிலை சட்டப்படி லீவு. வேலைக்குக் கூப்பிட்டால் ஒண்டில் லீவுச் சம்பளத்தோடை ஒண்டரை மடங்கு, இல்லாட்டி வேறை நாள் லீவு. இது தெரியாமல் நான் மூண்டு வருசம் சாதாரணச் சம்பளத்துக்கு அண்டைக்கு நிண்டனான்.

எங்கடை ஆக்கள் உம்மைப் பயப்பிடுத்துவினம், "உது வெள்ளையின்ரை விளையாட்டு" எண்டு. முப்பது வருசமாய் இஞ்சை இருந்து, ஐசிலை ஒருக்காலும் கால் வைக்காமல், கிரிக்கெற் ஸ்கோரையும் மண்டபத்துச் சாப்பாட்டையும் கதைச்சே காலம் போக்கினவை. மற்றப் பக்கத்திலை, பிள்ளையை ஹொக்கிக்கு விட்டது வீட்டுக்கு வாறவைக்குப் படம் காட்ட மட்டும் எண்டு இன்னொரு கூட்டம். நான் ரெண்டிலும் இல்லை. மகனை ஆறு மணி ஐசுக்குக் கூட்டிக்கொண்டு போய், விறைச்ச விரலாலை சப்பாத்துக் கயிறு இறுக்கிக் கட்டப் பழகினனான். அந்த ஹொக்கிப் பையின்ரை மணம் இருக்கே, கருவாட்டுக் கடை தோத்துப் போம். மனுசி அதை ஒரு நாளும் வீட்டுக்குள்ளை விடேல்லை.

ஆனால் தம்பி, இந்தப் பத்து நாளும் எனக்கு முழுக்கச் சந்தோசமான நாளில்லை. எங்கடை பக்கத்திலை ஏதும் நடக்கிறதெண்டால் இந்தப் போட்டிக்குள்ளைதான் நடக்கும். 2004இலை நோர்த் டகோட்டாவிலை நடந்தது, அந்த முறை 25ஆம் திகதியே துவங்கி, கனடா ஸ்லோவாக்கியாவுக்கு ஏழு கோல் போட்டது. அந்த இரவுதான் போன் அடிச்சது, கடல் வந்திட்டுது எண்டு. அக்கா வடமராட்சி கிழக்கிலை. அவ தப்பினது மூண்டாம் நாள்தான் தெரிஞ்சது. பிறகு பெரிய ஹொக்கி நட்சத்திரமான குறொஸ்பி ஆடின அந்த அணியை இண்டைக்கும் ஆக்கள் புகழ்வினம். நான் ஒரு ஆட்டமும் பிறகு பாக்கேல்லை.

2009உம் இதே ஒட்டாவாதான், இதே கனாட்டா மைதானம். ஜனவரி 2 கிளிநொச்சி விழுந்தது. 3ஆம் திகதி இரவு நான் கீழை தமிழ் வானொலியோடை இருக்கிறன், மேலை பதின்மூண்டு வயசு மகன் அரையிறுதி பாக்கிறான். றஷ்யா அஞ்சு, கனடா நாலு, 5.4 செக்கன் இருக்கேக்கை கனடாவின்ரை ஜோர்டன் எபர்லே சமன் செய்தார். மகன் வீடு இடிய ஒரு கூச்சல். நான் ஏறிப்போய், "ஊர் எரியுது, உனக்குக் கூத்தோ" எண்டு கத்தினன். அவன் ஒண்டும் சொல்லேல்லை. ரீவியை நூத்துப்போட்டுப் போய்ப் படுத்தான். கனடா பெனால்டியிலை வெண்டது எனக்கு அடுத்த நாள் வேலையிலைதான் தெரியும். அவனுக்கும் பள்ளிக்கூடம் போய்த்தான் தெரிஞ்சிருக்கும், நான் கேக்கேல்லை.

2015 இறுதியாட்டம் ரொறன்ரோவிலை வந்தது, திரும்பவும் றஷ்யா. மகனுக்கு அப்ப அந்த ஆட்டக்காரரின்ரை வயசு. தன்ரை பகுதிநேரச் சம்பளத்திலை ரெண்டு ரிக்கெற் எடுத்து, ஒண்டை என்ரை கையிலை வைச்சான், கூரைக்குக் கிட்ட. ரெண்டாம் பகுதியிலை கனடா 5–1. இனி என்ன பயம் எண்டு நான் கோப்பி வாங்க எழும்பினன். கியூ பெருசு. நிக்கேக்கையே உள்ளுக்கை ஒரு அமுக்கின சத்தம், பிறகு இன்னொண்டு, பிறகு இன்னொண்டு. ரெண்டு கோப்பியோடை வர 5–4. மகன் கோப்பியை வாங்கேல்லை. "அப்பா, இனி முடியும் மட்டும் எழும்பினால் தெரியும்" எண்டான். மூண்டாம் பகுதி முழுக்கக் கழிப்பறைக்கும் போகாமல், ரெண்டு கோப்பியையும் மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தனான். 5–4இலையே முடிஞ்சது, தங்கம்.

அதாலை போறதெண்டால் கோப்பியைத் துவங்க முன்னமே வாங்கும். ரெண்டு சோடி மேஸ் போடும், உள்ளுக்கையும் குளிரும்.