கேரவன் ஏ.சி.யும் சின்ன ஜெனரேட்டரும்: வாசகர் கேள்விகள்

கரூரில் பாடி கட்டிய வேனில் ஒரு டன் ஏ.சி. பொருத்தியிருக்கிறோம். ஓடும்போது 1,200 வாட்தான் என்றார்கள். ஆனால் 2 கேவிஏ ஜெனரேட்டர் ஏ.சி.யைப் போட்டதுமே திணறி நிற்கிறது. பழுதா? (கரூர் வாசகர்)

பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. தோட்டத்தில் கிணற்று மோட்டாரைப் போட்டதும் சாளையில் (தோட்டத்து வீட்டில்) விளக்கு ஒரு கணம் மங்குமே, அதே இழுவைதான் இதுவும். ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகை கம்ப்ரஸர், கிளம்பும் நொடியில் நாலைந்து மடங்கு மின்னோட்டம் கேட்கும். மேலும், 2 கேவிஏ என்பது பெரும்பாலும் 1,600 வாட்தான். இன்வெர்ட்டர் ஏ.சி. மெல்ல வேகமெடுக்கும் என்பதால் அதற்கு மாறுவதே என் முதல் யோசனை. மாற்ற முடியாவிட்டால் கிளம்பும் நொடி இழுவையைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டரை கம்ப்ரஸருக்கு வையுங்கள். அதை மெக்கானிக்கிடமே விடுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் ஷாக் இருக்கும்.

காலையில் நன்றாக ஓடும் ஏ.சி., மதியம் ஜெனரேட்டரை டிரிப் ஆக்குகிறது. (திருப்பூர்)

வெளிக்காற்று சூடேற ஏற, கம்ப்ரஸருக்குள் அழுத்தம் கூடி மின்னோட்டமும் கூடும். ஜெனரேட்டரின் திறனோ அதே வெயிலில் குறையும். உங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு: பஞ்சுத் தூசு. சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் படை படிந்திருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தகடுகளின் போக்கிலேயே நீவி எடுங்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். டிரிப் ஆனால் மூன்று நிமிடமாவது பொறுத்து மறுபடி போடுங்கள். அழுத்தம் சமமாகாமல் கிளப்பினால் கம்ப்ரஸர் திணறும்.

வால்பாறையில் இதே ஜெனரேட்டர் போதுமா? (கோவை)

ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 3 சதவீதத்துக்கு மேல் திறன் குறையும். ஆனால் அங்கே ஏ.சி. எதற்கு? ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இரவு மழை வந்தால் ஜெனரேட்டரை வேனின் பின்கதவை ஒட்டித் தார்ப்பாய்க்குள் வைத்து ஓட்டலாமா? குழந்தைகள் உள்ளே தூங்குவார்கள். (பொள்ளாச்சி)

வேண்டவே வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம். ஜெனரேட்டர் வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்சர் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது, வண்டிக்குக் கிழக்கே வையுங்கள். அவ்வளவு தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள்; சுருளாக விட்டால் சூடேறும், முழுவதும் பிரித்துவிடுங்கள். படுக்கை அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். யாருக்காவது தலைவலி, குமட்டல் என்றால் முதலில் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். மழை இறங்கினால் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, பேட்டரி மின்விசிறியோடு அந்த இரவைக் கழியுங்கள்.