எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி?

கேள்வி: சென்ற ஆண்டுதான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அடுத்த அதிபர் தேர்தல்தான் எனக்கு முதல் தேர்தல். ஆனால் இரண்டு பெரிய கட்சிகளையும் பிடிக்கவில்லை. காஸாவில் விழுந்த குண்டுகள் இரண்டு கட்சி ஆட்சியிலும் இங்கிருந்துதான் போயின. விசா விஷயத்தில் ஒரு கட்சியின் பேச்சை நம்ப முடியவில்லை, இன்னொன்றின் செயலைத் தாங்க முடியவில்லை. “எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? கம்மியாச் சுடுறதை எடு” என்கிறார் கணவர் (அவருக்கு இன்னும் கிரீன் கார்டுதான்). நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா போன முறை பசுமைக் கட்சிக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறாள். எனக்கோ ஊரில் இருப்பது போல நோட்டா இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. மோசமானவர் என்று தெரிந்தே ஓட்டுப் போட்டால், அவர் செய்வதில் எனக்கும் பங்கு உண்டுதானே?
— பெயர் வேண்டாம், பென்சில்வேனியா

பதில்: உங்கள் கணவர் சொல்வது சரி, ஆனால் வாக்குச்சீட்டின் ஒரே ஒரு கட்டத்துக்கு, அதிபருக்கான கட்டத்துக்கு மட்டும். அக்கா செய்ததும் அவர் இருக்கும் ஊருக்குப் பெரிய தவறில்லை. அதையே நீங்கள் செய்தால் விலை வேறு.

அதிபர் தேர்தலில் நாடு முழுவதும் விழும் ஓட்டைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்வதில்லை. அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்கள் சார்பில் ஓட்டுப் போடும் தேர்வாளர்கள். மொத்தம் 538 பேர், 270 பேர் கிடைத்தால் அதிபர். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமாக அவர் பக்கம். உங்கள் மாநிலத்துக்கு 19 பேர். அங்கே 2016இல் டிரம்ப் 44,292 ஓட்டில் ஜெயித்தார். 2020இல் பைடன் சுமார் 80,000 ஓட்டில். 2024இல் மறுபடி டிரம்ப், சுமார் 1,20,000 ஓட்டில். 60, 70 லட்சம் ஓட்டு விழும் மாநிலத்தில் இதெல்லாம் நூலிழை. நியூ ஜெர்சியோ 1988க்குப் பிறகு எந்தக் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரையும் ஜெயிக்க வைத்ததில்லை. அக்காவின் எதிர்ப்பு ஓட்டால் அங்கே எதுவும் கவிழப் போவதில்லை.

ஒரு தனி ஓட்டு முடிவையே மாற்றும் வாய்ப்பு எவ்வளவு என்று 2008 தேர்தலை வைத்து ஆண்ட்ரூ கெல்மன், நேட் சில்வர், ஆரன் எட்லின் என்ற மூன்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். சராசரியாக 6 கோடியில் ஒன்று; போட்டி கடுமையான சில மாநிலங்களில் 1 கோடியில் ஒன்று. சிறிய எண்தான். ஆனால் ஒரே நாட்டில், ஒரே நாளில் போடும் ஓட்டின் எடை சில இடங்களில் சராசரியைவிட ஆறு மடங்கு கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். அக்காவின் முடிவை அப்படியே எடுத்து வந்து உங்கள் ஊரில் வைக்க முடியாது.

“மூன்றாவது கட்சிக்குப் போட்டால் எதிரிக்கே போட்ட மாதிரி” என்று பிரசாரக்காரர்கள் மிரட்டுவார்கள். கணக்கு அப்படி இல்லை. பெரிய கட்சி வேட்பாளர்கள் ‘அ’, ‘ஆ’ இருவரில் நீங்கள் அரைமனதோடு ‘அ’வுக்குப் போட இருந்தவர் என்று வையுங்கள். ‘ஆ’வுக்கு மாற்றிப் போட்டால் வித்தியாசம் இரண்டு ஓட்டு நகரும். மூன்றாவது கட்சிக்குப் போட்டாலோ, வீட்டிலேயே இருந்துவிட்டாலோ ஒரு ஓட்டு நகரும். அதாவது எதிரிக்குப் பாதி ஓட்டு. மிரட்டல் பாதி பொய், பாதி உண்மை.

அந்தப் பாதி போதும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு ஃபுளோரிடா. ஜார்ஜ் புஷ் 537 ஓட்டில் அந்த மாநிலத்தையும், அதன் மூலம் பதவியையும் பிடித்தார். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே 97,000க்கு மேல் வாங்கியிருந்தார். எல்லோரும் நேடரைத்தான் திட்டினார்கள். உண்மையில் அந்தச் சீட்டில் இருந்த எட்டு சிறு வேட்பாளர்களும் தனித்தனியே 537ஐத் தாண்டியவர்கள். கடைசி ஆளுக்கே 562. நேடருக்குப் போட்டவர்கள் எல்லோரும் புஷ்ஷிடம் தோற்ற அல் கோருக்குப் போட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது, பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். ஆனால் நூற்றில் ஒருவர் மாறியிருந்தாலே அந்த 537 கரைந்திருக்கும். உங்கள் மாநிலத்திலேயே புதிய உதாரணம் உண்டு: 2024 செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தலில் குடியரசுக் கட்சியின் டேவிட் மெக்கார்மிக் ஜனநாயகக் கட்சியின் பாப் கேசியைச் சுமார் 15,000 ஓட்டில் தோற்கடித்தார். பசுமைக் கட்சி 60,000க்கு மேல், லிபர்டேரியன் கட்சி 80,000க்கு மேல் வாங்கின. ஒன்று ஒரு பக்கத்தைக் கடித்தால் இன்னொன்று மறுபக்கத்தையும் கடிக்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கட்சிக்குப் போடுபவர்கள் காட்டும் ஒரு நல்ல காரணம், தேசிய அளவில் 5 சதவீதம் கிடைத்தால் அடுத்த அதிபர் தேர்தலில் அந்தக் கட்சிக்கு அரசு நிதி உண்டு என்பது. அது உண்மை. ராஸ் பெரோ 1996இல் 8 சதவீதத்துக்கு மேல் வாங்கியதால்தான் அவருடைய ரிஃபார்ம் கட்சிக்கு 2000இல் சுமார் 1.26 கோடி டாலர் கிடைத்தது. ஆனால் நேடரின் உச்சமே 2.7 சதவீதம். பெரிய கட்சிகளுக்குப் பாடம் புகட்டியதாகச் சொல்லப்பட்ட அதே நேடர் 2004இல் அரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மக்கள் பாடம் கற்றது நேடரிடமிருந்துதான் போலிருக்கிறது.

நோட்டா கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் 2013 முதல் இருப்பது போல இங்கே நெவாடாவில் மட்டும் இருக்கிறது, அதுவும் 1970களிலிருந்தே. “இந்த வேட்பாளர்களில் எவரும் இல்லை” என்று ஒரு வரி. 2014இல் அங்கே ஜனநாயகக் கட்சியின் கவர்னர் பிரைமரியில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) அந்த வரிதான் முதலிடம் பிடித்தது. ஆனாலும் வேட்பாளரானவர் இரண்டாவதாக வந்த மனிதர். பென்சில்வேனியாவில் அதுவும் இல்லை. கட்டத்தைக் காலியாக விடலாம், அவ்வளவுதான். 2016இல் மிச்சிகனில் சுமார் 75,000 பேர் அதிபர் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். அந்த மாநிலம் கைமாறியது 10,704 ஓட்டில். அந்த 75,000 பேர் என்ன சொல்ல வந்தார்கள் என்று எந்தக் கட்சியும் விசாரிக்கவில்லை. காலிக் கட்டத்துக்குக் காரணம் எழுத இடம் கிடையாது.

இனி நீங்கள் கேட்ட பங்கு. பங்கு உண்டு, மறுக்க வேண்டாம். ஆனால் “இவர் நல்லவர் என்று சான்றளிக்கிறேன்” என்று வாக்குச்சீட்டில் எங்கும் அச்சடித்திருக்கவில்லை. இருவரில் ஒருவர் கையில் அதிகாரம் போகப்போவது நிச்சயம். யார் கையில் என்பதே கேள்வி. நீங்கள் விலகி நின்றாலும் அவர் பதவி ஏற்பார், அதில் உங்களுக்குப் பாதிப் பங்கு எப்படியும் உண்டு. இருவரும் சமமாக மோசமாக இருக்கும் விஷயம் எவ்வளவு கொடியதாக இருந்தாலும், இந்தக் கட்டத்தில் முடிவெடுக்க அது உதவாது. காஸாவில் இருவருக்கும் வித்தியாசமே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அடுத்த விஷயத்துக்குப் போக வேண்டியதுதான். மனதுக்குக் கசக்கும். அந்தக் கசப்பைக் காட்ட வேறு இடம் உண்டு, அதற்கு வருகிறேன்.

ஒப்பிடும்போது பெரும்பாலானவர்கள் சறுக்குவது, பேச்சையும் குணத்தையும் ஒப்பிட்டு அதிகாரத்தை விட்டுவிடுவதில். அதிபர் தன் கையெழுத்தால் மட்டும் செய்யக்கூடியவை ஒரு பக்கம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இல்லாமல் செய்யவே முடியாதவை மறுபக்கம் என்று தாளில் கோடு கிழியுங்கள். நியமனங்கள் முதல் பக்கம்: சுமார் 4,000 அரசியல் பதவிகள், அவற்றில் 1,200க்கு மேல் செனட் ஒப்புதலோடு, ஆயுள் முழுக்க இருக்கும் கூட்டாட்சி நீதிபதிகள் தனி. டிரம்பின் முதல் நான்கு ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது இடங்களில் மூன்று நிரப்பப்பட்டன.

விசாவை எடுத்துக்கொண்டால் இந்தக் கோடு இன்னும் தெளிவாகத் தெரியும். எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவியோ கணவரோ வேலை செய்ய அனுமதி, 2015இல் ஒபாமா நிர்வாகம் போட்ட விதி. சட்டம் கிடையாது. அடுத்து வந்த டிரம்ப் நிர்வாகம் அதை நீக்கப் போவதாக ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது, 2021இல் பைடன் நிர்வாகம் அந்த முயற்சியைக் கைவிட்டது. புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் வந்தது அதிபரின் ஒரு பிரகடனம். இவை அதிபர் கட்டத்துக்கு உரியவை. ஆனால் நம்மவர்கள் எப்போதும் புலம்பும் கிரீன் கார்டு வரிசைக்குக் காரணமான நாட்டுக்கு 7 சதவீத வரம்பு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. எந்த அதிபர் நினைத்தாலும் தனியாக எடுக்க முடியாது. 2019இல் பிரதிநிதிகள் சபை 365க்கு 65 என்ற கணக்கில் அதை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. 2020 டிசம்பரில் செனட் தன் திருத்தங்களோடு வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் காலம் முடிந்தது. பிரதிநிதிகள் சபையில் இரு கட்சியினரும் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள், செனட்டில் எந்தக் கட்சியும் மறுக்கவில்லை. ஆக, வரிசைக் கோபத்தை அதிபர் கட்டத்தில் இறக்கி வைத்தால் அது தவறான முகவரி. உங்கள் தொகுதி உறுப்பினர் அப்போது பதவியில் இருந்திருந்தால் 2019 வாக்கெடுப்பில் என்ன செய்தார், அவரும் உங்கள் இரண்டு செனட்டர்களும் இப்போது என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

தாளின் முதல் பக்கத்தில் நேர்மையாக எழுதி முடித்த பிறகும் வித்தியாசம் ஒன்றுகூட நிற்கவில்லை என்றால் அதிபர் கட்டத்தைக் காலியாக விடுங்கள், குற்றமில்லை. என் அனுபவத் தீர்ப்பு, அப்படி ஆவது மிக அரிது. காலியாக விட்டாலும் சீட்டு செல்லும். அதே சீட்டில் மற்ற பதவிகளுக்கான கட்டங்கள் எல்லாம் எண்ணப்படும். ஒரே பதவிக்கு இருவருக்குக் குறி வைத்தால் அந்தப் பதவிக்கான ஓட்டு மட்டும் போகும்.

கசப்பைக் காட்டும் இடம் பிரைமரி. நவம்பரில் உங்கள் முன் வரும் இருவரையும் முடிவு செய்வது அதுதான். அங்கே குறைந்த தீமை என்ற பேச்சுக்கே வேலை இல்லை, மனதுக்குப் பிடித்தவருக்குத் துணிந்து போடலாம். பென்சில்வேனியாவில் அதிபர் தேர்தல் ஆண்டில் ஏப்ரலில் வரும், மற்ற ஆண்டுகளில் மே மாதத்தில். ஆனால் அது மூடிய பிரைமரி. கட்சி சாராதவர் என்று பதிந்திருந்தால் வேட்பாளர் தேர்வில் உங்களுக்கு ஓட்டு இல்லை. இரண்டு கட்சியும் பிடிக்காத உங்களைப் போன்றவர்கள் சரியாக இந்த இடத்தில்தான் தங்களைத் தாங்களே வெளியே தள்ளிக்கொள்கிறார்கள். 2022இல் குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரியில் மெஹ்மெட் ஆஸ், மெக்கார்மிக்கை வென்றது 951 ஓட்டில். விழுந்தது 13 லட்சத்துக்கு மேல். நவம்பரில் ஆஸ் தோற்றார். ஏதோ ஒரு கட்சியில் பதிவு செய்யுங்கள். அது உறுப்பினர் சந்தாவோ விசுவாசப் பிரமாணமோ இல்லை, பதிவேட்டில் ஒரு குறிப்பு மட்டுமே. பின்னால் மாற்றிக்கொள்ளலாம். பதிவுக்கும் மாற்றத்துக்கும் தேர்தலுக்கு 15 நாள் முன்புவரை கெடு. நவம்பரில் எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் போடலாம்.

2024 பிப்ரவரியில் மிச்சிகனில் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் காஸாவுக்காக “யாருக்கும் உறுதியில்லை” என்ற கட்டத்தில் போட்டார்கள், சுமார் 13 சதவீதம். கொள்கை மாறிவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் மாவட்ட வாரியாக எண்ணப்பட்டது, காரணம் என்ன என்று எல்லோருக்கும் தெரிந்தது, கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதிகள்கூடக் கிடைத்தார்கள். நவம்பரின் 75,000 காலிக் கட்டங்களோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நெருக்கடி தேர்தல் முறையால் வருவது என்பதையும் மறக்க வேண்டாம். மெய்னிலும் அலாஸ்காவிலும் வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார்கள். முதல் விருப்பம் கடைசியில் வந்தால் ஓட்டு இரண்டாம் விருப்பத்துக்கு நகரும். 2018இல் மெய்னின் இரண்டாவது தொகுதியில் முதல் சுற்றில் பின்தங்கியிருந்த ஜேர்டு கோல்டன் அப்படித்தான் ஜெயித்தார். அங்கே உங்கள் அக்காவும் கணவரும் ஒரே சீட்டில் சமாதானமாகிவிடலாம்.

கடைசியாக, இவ்வளவு யோசித்துப் போட்ட ஓட்டு வீணாகாமல் இருக்க வேண்டும். வாக்குச்சாவடிக்குப் போனால் முதல் முறை என்பதால் அடையாள அட்டை கேட்பார்கள். தபாலில் போட்டால் உங்களுக்கு இரண்டு உறைகள் வரும். சீட்டை முதலில் ரகசிய உறைக்குள் வைத்து ஒட்டி, அதை வெளி உறைக்குள் வைத்து, வெளி உறையில் கையெழுத்தும் கையெழுத்திட்ட தேதியும் போட வேண்டும். தேதிக்குப் பதில் பிறந்த நாளை எழுதுபவர்கள் உண்டு. ரகசிய உறை இல்லாமல் வந்தால் எண்ண மாட்டார்கள், 2020இல் மாநில உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்துவிட்டது. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் கவுன்டி (மாவட்ட) தேர்தல் அலுவலகத்தில் கிடைத்தாக வேண்டும். அன்றைய தபால் முத்திரை விழுந்தால் போதும் என்று நம்பிக் கடைசி நாளில் பெட்டியில் போடாதீர்கள்.

பி.கு.: உங்கள் கணவருக்கு ஒரு எச்சரிக்கை. பென்சில்வேனியாவில் 2023 செப்டம்பரிலிருந்து ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே, தகுதியுள்ளவர்கள் வேண்டாம் என்று சொன்னாலொழிய வாக்காளர் பதிவும் சேர்ந்து நடக்கிறது. திரையில் குடியுரிமைக் கேள்வி வந்தால் நிதானமாகப் படித்து, குடிமகன் இல்லை என்று பதில் சொல்லட்டும். கிரீன் கார்டில் இருப்பவர் கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது குற்றம். குடிமகன் என்று தவறாகச் சொன்னாலே நாடு கடத்தல் வரை போகலாம். தெரியாமல் செய்தேன் என்று விளக்கப் போனால் வக்கீல் செலவுதான் மிஞ்சும். அவருக்கு ஆர்வம் இருந்தால் வேட்பாளருக்காகத் தன்னார்வலராகப் போன் செய்யலாம், கிரீன் கார்டு இருப்பதால் நன்கொடையும் தரலாம். எச்-1பியில் இருக்கும் நண்பர்கள் போன் செய்யலாம், பணம் மட்டும் தரக்கூடாது.