ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள், எடை 4 கிலோ கூடுதல்!

மாதக்கணக்கில் வாயைக் கட்டி எடையைக் குறைத்தவர்களுக்கு, ஆபரேஷன் முடிந்து வீடு வந்ததும் எடை மெஷினில் தெரியும் எண் பெரிய அடி. பயத்தில் உடனே சாப்பாட்டைக் குறைத்துவிடுகிறார்கள். புண் ஆற வேண்டிய நேரத்தில் உடம்பு பட்டினி கிடக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் இதைச் சுற்றியே இருப்பதால் சிலவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஆறு மாதம் டயட் இருந்து 82 கிலோவிலிருந்து 73-க்கு வந்தேன். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து ஏறி நின்றால் 77! அங்கே கொடுத்தது கஞ்சியும் இட்லியும்தான். பட்ட பாடெல்லாம் வீணா?

ஒரு கிராமும் வீணாகவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர, உடம்பு செலவழிப்பதைவிட ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். 4 கிலோவுக்கு 30,800. ஒரு சின்ன இட்லிக்கு 60 கலோரி என்று வைத்தால், வழக்கமான சாப்பாடு போக ஐந்து நாளில் 500 இட்லிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் சாப்பிட்டது கஞ்சி.

ஏறியதில் பெரும்பங்கு தண்ணீர். டிரிப்ஸில் ஒரு லிட்டர் ஏறினால் மெஷினில் ஒரு கிலோ. அது வெறும் தண்ணீரும் இல்லை. நார்மல் சலைன் 500 மில்லி பாட்டில் ஒன்றில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கத்தி பட்டதைப் பெரிய காயமாகவே உடம்பு எடுத்துக்கொள்கிறது. வாசோப்ரெஸ்ஸின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் கூடி, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து நீர் திசுக்களுக்குள் கசிகிறது. காலையில் முகம் உப்பியிருப்பதும், மோதிரம் கழற்ற வராததும், சாக்ஸின் தடம் காலில் பதிவதும் அதனால்தான்.

டயட்டில் இருந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சோற்றைக் குறைத்தபோது ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து வற்றியிருக்கும். கஞ்சி, இட்லி, குளுக்கோஸ் என்று மாவுச்சத்து திரும்ப வந்ததும் அது நிரம்புகிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் நீரும் சேர்ந்து தங்கும். ஒன்று, ஒன்றரை கிலோ அதிலேயே ஏறிவிடும். நாலைந்து நாள் மலம் சரியாகப் போகவில்லை என்றால் அதுவும் மெஷினில் தெரியும்.

பெரும்பாலோருக்கு மூன்றாம் நான்காம் நாளிலிருந்து சிறுநீர் கூட ஆரம்பிக்கும். இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருந்தால், எரிச்சலோ காய்ச்சலோ இல்லாதவரை, அது நல்ல சேதி. இரண்டு வாரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். கீறல் பெரிதாக இருந்தால் கீழ்வயிற்று வீக்கம் மட்டும், குறிப்பாக மாலை நேரத்தில், இரண்டு மூன்று மாதம்கூட இருக்கலாம்.

தையல் பிரித்தாயிற்று. எடை 65 கிலோ. பழையபடி 16 மணி நேர விரதம், 1,200 கலோரி டயட் ஆரம்பிக்கலாமா?

இப்போது வேண்டாம். தோல் மேலே ஒட்டிவிட்டது, அவ்வளவுதான். உள்ளே தசை உறை வலுப்பெற இன்னும் பல வாரம் ஆகும். அதற்குத் தேவையான புரதத்தைச் சாப்பாட்டில் கொடுக்காவிட்டால் உடம்பு தன் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். மெஷினில் எண் குறையும், ஆனால் குறைந்தது தசை. பிறகு சாதாரணமாகச் சாப்பிட்டாலும் எடை ஏறுகிறதே என்று புலம்ப வேண்டிவரும்.

ஆபரேஷன் ஆனவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், 25 முதல் 30 கலோரி தேவை. உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 78 முதல் 97 கிராம் புரதம், 1,600 முதல் 1,950 கலோரி வரும். பழம் சாப்பிட்டே இந்தப் புரதத்தை எட்ட முடியாது. இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: காலையில் இரண்டு இட்லி, கெட்டி சாம்பார், இரண்டு முட்டை, இதில் 20 கிராம் வந்துவிடும். மதியம் ஒரு கப் சாதம், 30 கிராம் பருப்பில் செய்த கூட்டு, 100 கிராம் மீன், ஒரு கிண்ணம் தயிர், இதில் 33. மாலையில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல், 6. இரவு இரண்டு சப்பாத்தியோடு 75 கிராம் பனீர் அல்லது கோழிக்கறி, 20. படுக்கும் முன் 200 மில்லி பால், 6. சைவமாக இருந்தால் மதியம் மீனுக்குப் பதில் 25 கிராம் மீல்மேக்கர் போடுங்கள், 13 கிராம் கிடைக்கும். முட்டையும் இல்லையென்றால் பருப்பையும் தயிரையும் கூட்டுங்கள். தினம் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கட்டும். காயத்தைக் கோக்கும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும். சிறுநீரக பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கைப் பின்பற்றாமல் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாதாரண வயிற்று ஆபரேஷன் என்றால் ஆறு வாரம் வரை 'எடை ஏறாமல் இருந்தால் போதும்' என்ற நிலையில் இருங்கள். சர்ஜன் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி மட்டும் குறையுங்கள். எண்ணெயிலும் சோற்றிலும் கை வைக்கலாம். புரதத்தில் வேண்டாம்.

பருப்பு, முட்டை, மீன், தக்காளி எதையும் மாமியார் தர மறுக்கிறார். சீழ் கட்டும் என்கிறார். ரொட்டியும் ரஸ்க்கும் ஹார்லிக்ஸும்தான் ஓடுகிறது. எடையும் ஏறுகிறது.

அக்கறையில்தான் சொல்கிறார், அதனால் சண்டை போடாமல் விளக்குங்கள். சீழ் வருவது கிருமியால். பருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புண்ணில் கிருமி தொற்றாமல் காப்பவை சுத்தம், சர்க்கரைக் கட்டுப்பாடு, போதிய புரதம். பத்தியம் என்ற பெயரில் விலக்கப்படுபவை பெரும்பாலும் புரத உணவுகளாகவே இருப்பது பெரிய வருத்தம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போய், அவர் முன்னாலேயே கேளுங்கள். நீங்கள் பத்து முறை சொல்வதைவிட அது எடுபடும்.

ஹார்லிக்ஸ் கணக்கையும் பாருங்கள். மூன்று ஸ்பூன் மால்ட் பவுடர் 100 கலோரி, ஒரு டம்ளர் பால் 120, இரண்டு ஸ்பூன் சர்க்கரை 40. ஒரு டம்ளருக்கு 260. மூன்று வேளை குடித்தால் 780. கூடவே நாலு ரஸ்க். உங்களுக்கு முதல் இரண்டு வாரத்தில் ஏறியது நீராக இருக்கலாம்; இப்படியே இரண்டு மாதம் போனால் ஏறுவது கொழுப்பாகவே இருக்கும். பால் இருக்கட்டும், பவுடரையும் சர்க்கரையையும் நிறுத்துங்கள். ரஸ்க் இடத்தில் வேகவைத்த முட்டை.

நீர் பிரிவதற்கு அப்பா போடும் லேசிக்ஸ் மாத்திரையில் பாதி போட்டுக்கொள்ளலாமா? தண்ணீரைக் குறைத்தால் வடியுமா?

இரண்டும் கூடாது. அந்த மாத்திரை நீரோடு பொட்டாசியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எழுந்து நின்றால் தலை சுற்றும், தையலோடு கீழே விழுவீர்கள். வலி மாத்திரை, பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை மூன்றும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகமே பாதிக்கப்படலாம். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளே உப்பைப் பிடித்து வைத்து வீக்கம் தருபவை என்பதால், எத்தனை நாள் என்று கேட்டு அத்தனை நாளோடு நிறுத்துங்கள். நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலினும் சிலருக்குக் காலை வீங்கவைத்து எடையை ஏற்றும். அதை மட்டும் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, தண்ணீர் தாகத்துக்குக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியான அளவு. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மிக்சர், பாக்கெட் சூப் ஆகியவற்றை ஒரு மாதம் ஒதுக்குங்கள். இந்துப்பும் உப்புதான். பார்லித் தண்ணீர் குடிக்கலாம், கெடுதல் இல்லை, அற்புதமும் நடக்காது.

எனக்கு வயது 64. மூட்டு மாற்றி ஐந்து வாரம். ஆபரேஷன் ஆன கால் இன்னும் பருமனாக இருக்கிறது, எடையும் 2 கிலோ கூடுதல். உள்ளே வைத்த உலோகத்தின் எடையா?

உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து ஏறத்தாழ அரைக் கிலோ. வெட்டி எடுத்த எலும்பைக் கழித்தால் இன்னும் குறைவு. மீதி, காலில் தேங்கிய நீரும் நடமாட்டம் குறைந்ததும். மூட்டு மாற்றியவர்களுக்கு வீக்கம் மூன்று முதல் ஆறு மாதம் வரை மெல்ல மெல்லத்தான் வடியும். காலையில் குறைந்து மாலையில் கூடினால் கவலை வேண்டாம்.

விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை இரு பாதங்களையும் மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து தடவை அசையுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவதுதான் நீரை மேலே தள்ளும் பம்ப். ஒரு நாளில் மூன்று நான்கு தடவை, இருபது நிமிடம் படுத்துக் காலை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி உயர்த்துங்கள். தலையணையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். முட்டிக்குக் கீழே வைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகி, பிறகு நேராக நீட்ட வராது. இதுதான் வீட்டில் அதிகம் நடக்கும் தவறு. ஐஸ் வைப்பதாக இருந்தால் துணியில் சுற்றி 15 நிமிடம்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். நீவிவிடவோ தைலம் தேய்க்கவோ கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108.

தைராய்டை முழுவதும் எடுத்துவிட்டார்கள். மூன்று மாதமாக எடை ஏறிக்கொண்டே போகிறது. இதுவும் தண்ணீரா?

மூன்று மாதமாக நிற்காமல் ஏறினால் தற்காலிகம் என்று விடக்கூடாது. தைராய்டு மாத்திரை அளவு போதவில்லையா என்று டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். அளவு மாற்றிய ஒவ்வொரு முறையும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பலர் தைராய்டு மாத்திரையோடு கால்சியத்தையும் காலையிலேயே சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். கால்சியம் அதை உடம்பில் சேரவிடாது. எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி, நான்கு மணி நேரம் கழித்துக் கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ.

லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுத்தார்கள். வயிறு பானை போல இருக்கிறது. பெல்ட் போட்டால் குறையுமா?

வயிற்றை விரிக்க உள்ளே செலுத்திய கரியமில வாயுவின் மிச்சம் சில நாளில் உறிஞ்சப்பட்டுவிடும். குடல் மந்தமாக இருப்பதால் சேரும் காற்று இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். பெல்ட் இருமும்போது பிடிமானம் தரும், எடையைக் குறைக்காது. ஐந்து நிமிட நடை, நாளுக்கு ஐந்தாறு தடவை. சோடா வேண்டாம். வயிறு இறுகி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

எடையை எப்போது, எப்படிப் பார்ப்பது?

இரண்டு வாரம் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். பிறகு வாரம் மூன்று நாள், காலையில் கழிவறை போய் வந்து, காபிக்கு முன், ஒரே மாதிரி உடையில், சமமான தரையில் வைத்துப் பாருங்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து எழுதுங்கள். போன வார சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும், நேற்றைய எண்ணோடு வேண்டாம்.

இதய, சிறுநீரக, ஈரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த இரண்டு வார விடுமுறை கிடையாது. தினமும் பார்க்க வேண்டும். ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். சிறுநீர் மிகவும் குறைந்தாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும் எடை எதுவாக இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.