'எஸ்கலேட்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? 'இன்டென்சிஃபை' என்பதும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் மேற்பார்வையாளர் இச்சொல்லைச் சொல்லியிருப்பார் என்றும், அகராதியில் 'தீவிரப்படுத்து' என்று கண்டு நீங்கள் குழம்பியிருப்பீர்கள் என்றும் ஊகிக்கிறேன். இதே சொல்லால் எனக்கு ஒருமுறை அடங்காதவன் என்ற பெயர் கிடைத்திருக்கிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தபோது, லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, தண்ணீர் ஏற்றும் பம்பு பழுதாகிவிட்டது. தொழிலாளர்களை மேய்க்கும் தண்டலும் நானும் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்துப் பயனில்லாததால், விரைவில் சரிசெய்யாவிட்டால் விஷயத்தைத் தலைமை அலுவலகத்துக்கு 'எஸ்கலேட்' செய்ய வேண்டியிருக்கும் என்று உதவி நிர்வாகிக்கு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினேன். அவரோ என்னை அழைத்து, ஆட்களைத் தூண்டிவிட்டுத் தகராற்றைப் பெரிதாக்கப் போவதாக மிரட்டுகிறாயா என்று கேட்டார். சொல்லுக்குப் பின்னால் 'டு' (to) இருப்பதைச் சுட்டிக்காட்டி, அது ஓர் ஆளையோ அலுவலகத்தையோ சுட்டி வந்தால் மேலிடத்தின் பார்வைக்குக் கொண்டுபோவது என்றே பொருள், 'இன்டு' (into) வந்தால் ஒன்று முற்றி இன்னொன்றாவது என்று விளக்கினேன். தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு கிராணி ஆங்கில இலக்கணம் சொல்வதை அவர் ரசிக்கவில்லை. பம்பு சரியாயிற்று, என் குறிப்பு மட்டும் மிரட்டல் கடிதமாகக் கோப்பில் தங்கிவிட்டது. அடுத்த பதவி உயர்வு யாருக்குப் போனது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அலுவலக ஆங்கிலத்தை வைத்து விளக்கம் சொல்கிறேன் என்று சிலர் குறைகூறலாம். மேலிடத்துக்கு அனுப்புதல் என்ற பொருளை இன்றைய ஆங்கில அகராதிகளும் ஏற்றுக்கொண்டுவிட்டன. இரண்டு பொருளுக்கும் வேர் படிக்கட்டுதான். சார்ல்ஸ் சீபெர்கர் உருவாக்கிய 'எஸ்கலேட்டர்' என்ற பெயரோடு 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் மின்படி காட்டப்பட்டது. அமெரிக்காவில் 1950இல் அப்பெயர் வணிகச் சின்னம் என்ற உரிமையை இழந்து பொதுச்சொல்லாயிற்று. அதிலிருந்து பிறந்த இந்த வினை, 1950களின் இறுதியில் போர் படிப்படியாகப் பெரிதாவதைக் குறிக்கத் தொடங்கி, வியட்நாம் போர்க் காலத்தில் செய்தித்தாள்களில் பரவியது.

ஆகவே படிப்படியாக ஏறுவதற்கே இச்சொல் பொருந்தும். மழை வலுத்தால் 'இன்டென்சிஃபை' போதும்; வாய்ச்சண்டை கைகலப்பாக முற்றினால்தான் 'எஸ்கலேட்' வரும். எங்கள் ஊர்ப் பக்கமே இதற்கு உதாரணம். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; 18ஆம் தேதி மலாயா முழுவதும் அவசரகாலத்தின் கீழ் வந்தது. இன்றைய நிருபர் இதை எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே 'எஸ்கலேட்' போட்டுவிடுவார். அன்றைய நிருபருக்கு அந்த வினை அப்பொருளில் கிடைத்திருக்காது. விலைவாசி, செலவு, பதற்றம், வன்முறை ஆகியவற்றோடு இச்சொல் இயல்பாகச் சேரும். அன்பும் மகிழ்ச்சியும் பெருகுவதற்கு இதைப் பயன்படுத்தினால் கேட்பவர் சிரிப்பார். தணிப்பதற்கு 'டீ-எஸ்கலேட்' என்பார்கள். பலரும் 'எஸ்குலேட்' என்று உச்சரிக்கிறார்கள்; நடுவில் உகரம் கிடையாது.

உங்கள் மேற்பார்வையாளர் 'எஸ்கலேட்' செய்யச் சொன்னால், வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்தாமல், புகாரை அதுவரை நடந்த விவரங்களோடு மேற்பார்வையாளரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.