மருந்தை நிறுத்தியதும் மீண்டும் வந்த ரத்தப்போக்கு

கேள்வி: எனக்கு வயது 29. மலத்தில் ரத்தமும் சளியும் போனதால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொலோனோஸ்கோப்பி (கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்து, ‘அல்சரேட்டிவ் கொலைடிஸ்’ என்றார்கள். மெசலமைன் மாத்திரையில் நன்கு குணம் தெரிந்ததால், ஆறு மாதங்களுக்கு முன் நானாகவே அதை நிறுத்திவிட்டேன். இப்போது மீண்டும் ரத்தம் போகிறது, ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள். இதற்கு நிரந்தரத் தீர்வே இல்லையா? பெருங்குடலை அகற்ற வேண்டிவருமா?

பதில்: கொலைடிஸ் என்றால் பெருங்குடல் அழற்சி. கிருமித் தொற்றால் வரும் அழற்சி பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். உங்களுக்கு வந்திருப்பது, நோய் எதிர்ப்பு ஆற்றல் பெருங்குடலின் உட்சவ்வையே தாக்குவதால் மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கி இடைவெளியின்றிப் பரவும் நாள்பட்ட அழற்சி. ரத்தம் நின்ற பிறகும் உட்சவ்வில் அழற்சி எஞ்சியிருக்கக்கூடும் என்பதால்தான், நலமாக இருக்கும் காலத்திலும் மெசலமைனைத் தொடரச் சொல்கிறோம். அதை நிறுத்தியதற்காக உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. உடல் நன்றாக இருக்கும்போது நாள்தோறும் மாத்திரை விழுங்குவது எவருக்கும் சலிப்பூட்டுவதே.

ஸ்டீராய்டு, மூண்டுவிட்ட அழற்சியை விரைந்து தணிக்கும். மீண்டும் வராமல் காக்காது. நீண்ட காலம் எடுத்தால் எலும்புத் தேய்மானம், சர்க்கரை உயர்வு போன்ற பாதிப்புகள் வரும் என்பதால் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். இம்முறை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்தானது. மலத்தில் அமீபா, குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியா போன்றவற்றின் தொற்று இல்லை என்று உறுதிசெய்தார்களா என்பதையும் கேளுங்கள், ஏனெனில் தொற்றாலும் இதே அறிகுறிகள் தோன்றும். அழற்சி மலக்குடலோடு நின்றிருந்தால், ஆசனவாய் வழியே வைக்கும் மெசலமைன் மருந்து மாத்திரையைவிட நன்றாக வேலை செய்யும். கூச்சத்தால் பலர் இதை மறுத்துவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் நோய் திரும்பினால், அசாதியோப்ரின் மாத்திரை, இன்ஃப்ளிக்சிமாப், வெடோலிசுமாப் போன்ற உயிரியல் மருந்துகள் (உயிருள்ள செல்களைக் கொண்டு தயாரிக்கப்படுபவை), டோஃபாசிட்டினிப் மாத்திரை எனப் பல வழிகள் உள்ளன. இன்ஃப்ளிக்சிமாப், டோஃபாசிட்டினிப் போன்றவை நோய் எதிர்ப்பு ஆற்றலை அடக்குவதால், அவற்றைத் தொடங்குமுன் உறங்கிக்கிடக்கும் காசநோயும் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் இருக்கின்றனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மருந்துகள் பலனளிக்காதபோதும், குடல் ஆபத்தான அளவு வீங்கும்போதும், புற்றுநோய் மாற்றங்கள் தென்படும்போதுமே பெருங்குடலை அகற்றுவார்கள். பலருக்குச் சிறுகுடலைக் கொண்டே பை அமைத்து, இயல்பான வழியிலேயே மலம் கழிக்கச் செய்ய முடிகிறது. நீங்கள் இன்னும் அந்தக் கட்டத்தை எட்டவில்லை என்றே கருதுகிறேன்.

நோய் தொடங்கி ஏறத்தாழ 8 ஆண்டுகளானதும், புற்றுநோய்க் கண்காணிப்புக்காகக் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்வது அவசியம். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நோயைத் தூண்டக்கூடும் என்பதால் கேட்காமல் எடுக்காதீர்கள். ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்துடன் மலம் போய், காய்ச்சலோ படபடப்போ வயிற்று உப்பலோ சேர்ந்துகொண்டால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.