தெரிந்தவர் மூலம் வேலை: எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. கம்பெனிகள் கையை இறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், சிபாரிசு செய்ய ஆள் இல்லாதவர் எப்படி வேலை தேடுவது? தமிழ்நாடு-ஆந்திரா எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருஷம் சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷினில் இருந்தேன். ஆர்டர் இல்லை என்று ஷிப்டைக் குறைத்தபோது என்னையும் நிறுத்திவிட்டார்கள். ஆன்லைனில் அறுபது இடத்துக்கு பயோடேட்டா போட்டும் ஒரு போன்கூட வரவில்லை. எனக்குப் பெரிய ஆள் யாரையும் தெரியாது. (சத்தியவேடு)

பெரிய ஆள் தேவையே இல்லை. ஆர்டர் குறைந்த காலத்திலும் ஆள் எடுப்பது அடியோடு நிற்காது. ஒருவர் விட்டுப் போவார், ஒருவர் ஓய்வு பெறுவார், புதிதாக ஒரு மெஷின் இறங்கும். ஒன்றிரண்டு இடம்தான் என்பதால் விளம்பரம் கொடுக்க யோசிப்பார்கள். கொடுத்தால் நூற்றுக்கணக்கில் பயோடேட்டா வந்து குவியும். அதனால் புரொடக்‌ஷன் மேனேஜர் தன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, “நல்ல செட்டர் யாராவது தெரியுமாப்பா?” என்றுதான் முதலில் கேட்பார். செட்டர் என்றால் மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுப்பவர். அந்த நேரத்தில் உங்கள் பெயர் யாராவது ஒருவர் வாயில் வர வேண்டும்.

அந்த ஒருவர் உங்கள் மாமாவாகவோ நெருங்கிய நண்பராகவோ இருக்க வாய்ப்பு குறைவு. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டன் பக்கத்தில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து, 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், சேதி சொன்ன அந்த ஆளை அடிக்கடி பார்த்துவந்தவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6 விழுக்காடு, அபூர்வமாகப் பார்த்தவர்கள் 27.8 விழுக்காடு. நெருங்கியவர்களுக்குப் பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்த அதே விஷயம்தான் தெரியும். கொஞ்சம் தள்ளி இருப்பவர்தான் வேறு கம்பெனியின் சேதியைக் கொண்டுவருகிறார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்களோடு சேர்த்து நிறுத்தப்பட்டவர்களில் சிலருக்கு ஏற்கெனவே வேறு இடம் கிடைத்திருக்கும், அவர்களுக்கு முதலில் போன் போடுங்கள். அடுத்து, உங்கள் பழைய கம்பெனிக்கு வெளியிலிருந்து வந்து போனவர்கள்: டூல் சப்ளையர், கேஜ் காலிப்ரேஷனுக்கு (அளவுக் கருவிகளைச் சரிபார்க்க) வந்தவர், மெஷின் சர்வீஸ் இன்ஜினியர். இந்த சர்வீஸ் இன்ஜினியரை நான் தனியாகவே சொல்வேன். அவர் தொழிற்பேட்டையில் பல கம்பெனிகளுக்குள் ஏறி இறங்குகிறவர். எங்கே புது மெஷின் வருகிறது, எங்கே ஆபரேட்டர் இல்லாமல் மெஷின் சும்மா நிற்கிறது என்பது ஹெச்.ஆருக்கு முன்பே அவருக்குத் தெரியும். அப்புறம் உங்கள் பாலிடெக்னிக்கின் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர், கம்பெனி பஸ் டிரைவர், சூலூர்பேட்டை ரயிலில் தினமும் கூட வந்த சீசன் டிக்கெட்காரர்கள்.

பேசும்போது “எனக்கு ஒரு வேலை பாருங்கண்ணா” என்று சொல்லாதீர்கள். அவர் “சொல்றேன் தம்பி” என்பார், அதோடு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்: “அண்ணா, டர்னிங் சென்டர்ல ஆறு வருஷம் செட்டிங் பண்ணியிருக்கேன். நீங்க போற இடத்துல அந்த மாதிரி மெஷின் யார்கிட்ட இருக்கு? அங்க யாரைப் பார்த்துப் பேசணும்?” இதற்கு அவரால் அந்த இடத்திலேயே பதில் சொல்ல முடியும். ஒரு பெயர் கிடைத்தால், “உங்க பேரைச் சொல்லலாமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் ஒருவர் பெயரைப் பயன்படுத்தினால் அடுத்த முறை அவர் போனை எடுக்க மாட்டார்.

பி.காம். முடித்திருக்கிறேன், டேலி (கணக்கு எழுதும் சாப்ட்வேர்) தெரியும். ஒருவரிடம் போய் வேலை கேட்பது கையேந்துவது போலக் கூச்சமாக இருக்கிறது. (ஊத்துக்கோட்டை)

வேலை கேட்க வேண்டாம் மகளே, விவரம் கேளுங்கள். உங்கள் ஊரிலும் திருவள்ளூரிலும் இருக்கும் ஆடிட்டர் அலுவலகங்களில், ஜி.எஸ்.டி. கணக்கு எழுதும் இடங்களில் யாராவது ஒருவரிடம் பத்து நிமிஷம் கேட்டுப் பாருங்கள்: “மேடம், இந்த வேலைக்கு வர்றவங்க டேலி தவிர வேற என்ன தெரிஞ்சுவெச்சிருக்கணும்?” தன் தொழிலைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் மனம் திறந்து பேசுவார்கள். உங்கள் சீனியர் ஒருவர் அங்கே இருந்தால் இன்னும் சுலபம். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வருமான வரிக் கணக்கு, தணிக்கை என்று அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கு முன்னால் போனால் பேச நேரமும் இருக்கும், வரப்போகும் வேலைக்கு ஆளும் தேவைப்படும்.

போகும்போது கேட்க வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கூச்சம் இருப்பவர்களுக்கு மூன்று கேள்வி கையில் இருப்பது பெரிய தைரியம்.

எங்கள் தெருவில் தெரிந்த ஒருவர், நாற்பதாயிரம் கொடுத்தால் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் பர்மனென்ட் வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார். உறவு முறைதான். கொடுக்கலாமா? (வரதையபாளையம்)

கொடுக்காதீர்கள். உண்மையாக ஆள் எடுக்கிற கம்பெனி வேலை தருவதற்குப் பணம் கேட்காது. உறவு என்பதால் ரசீதும் கேட்க மாட்டீர்கள், பணம் போனால் புகாரும் கொடுக்க மாட்டீர்கள். அதை நம்பித்தான் கேட்கிறார்கள். யாராவது ஏற்கெனவே ஜிபே, போன்பே வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. இரண்டும் சரளமாக வரும். இது வேலைக்கு உதவுமா, இல்லை இரண்டு பக்கமும் வெளியாளாகத்தான் இருப்பேனா? (நகரி)

உதவும், நிச்சயமாக. ஆனால் அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஸ்ரீசிட்டி இருப்பது ஆந்திராவில், திருப்பதி மாவட்டத்தில். இசுசு, டைகின், அல்ஸ்டம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் தொழிற்சாலைகள் அங்கே இருக்கின்றன. சென்னையிலிருந்து வரும் அதிகாரிக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கும் நடுவில் நின்று பேசத் தெரிந்த லைன் லீடர், ஸ்டோர்ஸ் ஆள், டிஸ்பாட்ச் ஆள் அந்த இடத்தில் எவ்வளவு அவசியம் என்று யோசியுங்கள். பயோடேட்டாவின் மேல் பகுதியிலேயே “தமிழ், தெலுங்கு: பேச, எழுத” என்று போடுங்கள்.

இன்னொன்று. தொழிற்சாலை வேலைகளில் 75 விழுக்காடு உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஆந்திர அரசு 2019-ல் சட்டம் கொண்டுவந்தது. அது நீதிமன்றம் வரை போன விவகாரம். ஆனாலும் ஹெச்.ஆரில் “லோக்கலா?” என்று கேட்கும் வழக்கம் உண்டு. அந்தச் சட்டத்தில் உள்ளூர் என்பது மாநிலத்தைக் குறிக்கும், வீட்டில் பேசும் மொழியை அல்ல. நகரிக்காரரான நீங்கள் தமிழ் பேசினாலும் அங்கே உள்ளூர்தான். ஆதார் முகவரி, இருப்பிடச் சான்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவையுங்கள். இரண்டு பக்கத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் இருங்கள். தெலுங்கு குரூப்பில் வரும் வேலைச் சேதி தமிழ்நாட்டுப் பக்கத்துப் பள்ளிப்பட்டுக்காரருக்குத் தெரியாது. அவருக்கு நீங்கள் சொல்லுங்கள். கும்மிடிப்பூண்டிச் சேதி அவரிடமிருந்து உங்களுக்கு வரும்.

சென்னையில் ஐ.டி. வேலை போய்விட்டது. ஊரில் ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பழைய நண்பர்களிடம் பேசவே மனம் வரவில்லை. (புத்தூர்)

ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஆனால் உங்களோடு வேலை செய்தவர்களுக்கு இது தெரிய வேண்டும், அதுவும் சீக்கிரம். உங்கள் வேலை எப்படி இருந்தது என்று அவர்களுக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கும் நேரம் இது. மொத்தமாக ஆட்களைக் குறைத்ததில் வேலை போவது உங்கள் திறமைக்கு வந்த தீர்ப்பு இல்லை. அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

2022-ல் சயன்ஸ் இதழில், வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சுமார் 2 கோடிப் பேரை 5 ஆண்டுகள் கவனித்த ஆய்வு. அதிகம் உதவியது நெருங்கிய நட்பும் இல்லை, முகமே தெரியாத தொடர்பும் இல்லை. இடைப்பட்ட அளவான பழக்கம்தான். உங்கள் விஷயத்தில் அது பழைய பிராஜெக்டில் பக்கத்து டீமில் இருந்தவர், கிளையன்ட் பக்கம் பேசியவர், கல்லூரியில் வேறு செக்‌ஷன் ஆள்.

கேட்கும் முறை முக்கியம். வெறுமனே “ரெஃபர் பண்ணு மச்சி” என்று அனுப்பினால், தேடும் வேலையை அவர் தலையில் போடுகிறீர்கள். அவர் கம்பெனியின் தளத்தில் உங்களுக்குப் பொருந்தும் இடத்தை நீங்களே பார்த்து, அந்த வேலை எண்ணையும் பயோடேட்டாவையும், நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று இரண்டு வரியையும் சேர்த்து அனுப்புங்கள். நேரடியாக விண்ணப்பிப்பதற்கு முன்பே கேளுங்கள். ஏற்கெனவே விண்ணப்பித்தவரை ரெஃபரலில் ஏற்காத கம்பெனிகள் உண்டு. பல இடங்களில் ரெஃபர் செய்தவருக்கு போனஸும் உண்டு என்பதால், கேட்பதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். பழைய கம்பெனியை மட்டும் எங்கேயும் திட்டி எழுதாதீர்கள்.

குழந்தைகளுக்காக ஏழு வருஷம் வேலையை விட்டிருந்தேன். எனக்கு யாரைத் தெரியும்? (தடா)

மகளிர் குழுவில் இருப்பவர்கள், பள்ளி வாசலில் சந்திக்கும் அம்மாக்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள். அதில் ஒருவராவது கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவராக இருப்பார். எந்தக் கம்பெனியில் பெண்களுக்குப் பகல் ஷிப்டு தருகிறார்கள், பஸ் உங்கள் தெரு வரை வருமா, சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர் என்ற விஷயமெல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும். எந்த விளம்பரத்திலும் அது இருக்காது.

அப்பாவின் நண்பர் சொல்லி ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். தேறவில்லை. அவர் முகத்தில் எப்படி முழிப்பது? (திருத்தணி)

இன்றே போன் போடுங்கள். ஹெச்.ஆர். மூலம் அவருக்குத் தெரிவதற்கு முன்னால் நீங்களே சொல்வது நல்லது. “அங்கிள், டிராயிங் படிக்கிறதுல கேட்ட கேள்வியில தடுமாறிட்டேன். அதைப் படிக்க ஆரம்பிச்சிருக்கேன். நீங்க சொன்னதுக்கு ரொம்ப நன்றி” என்றால் போதும். காரணம் அடுக்க வேண்டாம். அதோடு, இன்டர்வியூ எடுத்தவருக்கும் ஒரு மெயில் போட்டு, நீங்கள் தடுமாறிய இடத்தைச் சொல்லி, எதைச் சரிசெய்துகொண்டு வரலாம் என்று கேளுங்கள். அதே கம்பெனி சில மாதம் கழித்து மறுபடி ஆள் எடுக்கும்போது அந்த மெயில் உங்களுக்காகப் பேசும்.