"ஏதாவது கேக்கணுமா?"

அன்புள்ள சார்,

மதுரை மாவட்டம், மேலூர் பக்கம் ஒரு கிராமம். பி.காம் முடித்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை மூன்று இன்டர்வியூ. மூன்றிலும் கடைசியில் "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்கள். முதல் இரண்டில் "இல்ல சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். மூன்றாவதில், யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு போனபடி, "அடுத்த ஐந்து வருடத்தில் உங்கள் நிறுவனத்தின் இலக்கு என்ன?" என்று கேட்டேன். எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார். அப்பா நாலு கறவை மாடு வைத்திருக்கிறார். "ஒண்ணும் கேக்காத, அதிகப்பிரசங்கின்னு நினைச்சுருவாங்க" என்கிறார். அடுத்த வாரம் கப்பலூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னதான் கேட்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர் சிரித்ததில் தப்பில்லை. ஐந்து வருட இலக்கு அவருக்கே தெரிந்திருக்காது. வருகிற மார்ச்சில் கணக்கை முடிப்பதே அவருக்குப் பெரிய கவலையாக இருக்கும். உங்களுக்கும் அந்தப் பதில் தேவைப்படவில்லை, அது முகத்தில் தெரிந்திருக்கும்.

அப்பா மாடு பிடிக்கப் போகும்போது நீங்கள் கூடப் போயிருக்கிறீர்களா? எத்தனையாவது ஈத்து, நேரத்துக்கு எவ்வளவு கறக்கும், உதைக்குமா என்று எல்லாம் விசாரித்துவிட்டு, கிளம்புகிற மாதிரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்று கேட்பார்: "நல்ல மாடாத்தான் இருக்கு, எதுக்கு விக்கிறீங்க?" விற்பவர் என்ன சொல்கிறார் என்பதோடு, சொல்வதற்கு முன் எவ்வளவு யோசிக்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்வார். கப்பலூரில் உங்கள் முதல் கேள்வியும் அதுதான். அந்த நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது?

அப்படி நேராகக் கேட்க முடியாது. "இது புது இடமா சார், இல்ல ஏற்கெனவே ஒருத்தர் பாத்துட்டிருந்தாங்களா?" போதும். "கல்யாணமாகி கோயம்புத்தூர் போயிட்டாங்க", "இங்கேயே பர்ச்சேஸுக்கு மாத்திட்டோம்" என்று வந்தால் சரி. "அதெல்லாம் எதுக்கும்மா?" என்று வந்தால் அதுவும் பதில்தான்.

இதைக் கேட்காமல் நான் பட்டிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு முன்னால், மதுரையிலேயே ஒரு நிறுவனம். முதலாளி இதே கேள்வியைக் கேட்டார், நானும் உங்களைப் போலவே "இல்ல சார்". சேர்ந்த மூன்றாவது வாரம்தான் தெரிந்தது, ஒரே வருடத்தில் அந்த மேஜைக்கு நான் நான்காவது ஆள். பேங்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கிளம்பிவிடலாம் என்றால் என் டிகிரி சர்டிபிகேட் அவர்கள் பீரோவில் இருக்கிறது. திரும்ப வாங்குவதற்கு இரண்டு மாதம் நடந்தேன். அதனால், ஒரிஜினல் கொண்டுவரச் சொல்லியிருந்தால் "பாத்துட்டு இன்னைக்கே கொடுத்துருவீங்களா சார்?" என்று கேட்க வெட்கமே வேண்டாம்.

அடுத்தது வேலையைப் பற்றி. அக்கவுண்ட்ஸுக்குப் போகிறவர் கேட்க அருமையான கேள்வி ஒன்று உண்டு: "ஜிஎஸ்டி ரிட்டன் இங்கேயே போடுறீங்களா சார், ஆடிட்டர் ஆபீஸ்லயா?" ஆடிட்டர்தான் போடுகிறார் என்றால் உங்கள் வேலை பெரும்பாலும் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பில் ஏற்றுவதோடு நின்றுவிடும். இங்கேயே என்றால் இரண்டு வருடத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு வெளியே வரலாம். மாதாமாதம் தாக்கல் செய்கிற கம்பெனியில் 7-ம் தேதி டிடிஎஸ் (பிடித்த வருமான வரியைக் கட்டுவது), 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 15-ம் தேதி பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), 20-ம் தேதி 3பி (ஜிஎஸ்டி கட்டுவதற்கான மாதச் சுருக்கக் கணக்கு) என்று மாதத்தின் முதல் மூன்று வாரமும் ஓட்டம்தான். அந்தத் தேதிகள் தெரிந்த பெண் என்று அவருக்குப் புரிந்துவிட்டால், அதற்குப் பிறகு உங்களை யாரும் அதிகப்பிரசங்கி என்று நினைக்க மாட்டார்கள்.

நான் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்த காலத்தில் உசிலம்பட்டிப் பையன் ஒருவன் கேட்டான்: "புதுசா சேர்றவங்க இங்க பொதுவா எதுல சார் தப்பு பண்ணுவாங்க?" அன்று பத்து நிமிடம் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவனையே எடுத்தோம். (இரண்டே வருடத்தில் சென்னைக்கு ஓடிவிட்டான். அது வேறு கதை.)

சம்பளப் பேச்சை அவர்கள் எடுக்கும்வரை நீங்கள் எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் விடாதீர்கள். சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, என்று ஒரு தொகை சொல்வார்கள், "கையில எவ்வளவு சார் வரும்?" என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள், வேறு படி எதுவும் இல்லை. கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப் 1,800, இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 488 ரூபாயையும் சேர்த்து 17,288 என்பார்கள். உங்கள் பங்கு பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 113 கழிந்து கைக்கு வருவது 13,087. ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது, பிஎஃப் உங்கள் பணம்தான். ஆனால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அந்தப் பதிமூன்றாயிரத்தில்தான் பார்க்க வேண்டும்.

இத்தனையையும் ஒரே மூச்சில் கேட்டுவிடாதீர்கள். இரண்டு, மிஞ்சினால் மூன்று. வெளியே நாற்பது பேர் காத்திருந்தால் முதல் கேள்வி மட்டும்.

அப்புறம் பஸ். ஊரிலிருந்து மாட்டுத்தாவணி வந்து, மறுபடி திருமங்கலம் பஸ் பிடித்துக் கப்பலூரில் இறங்க வேண்டும். சாயங்காலம் அதே வழி திரும்ப வேண்டும். "மாசக் கடைசியில எத்தனை மணி வரைக்கும் இருக்க வேண்டியிருக்கும் சார்?" என்று கேட்டால் பெண் பிள்ளை சாக்குச் சொல்கிறது என்று நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். எங்கள் ஆபீஸில் அதை ஆண்கள்தான் அதிகம் கேட்டார்கள். உங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு போங்கள். போய்விட்டு வந்து, அந்த நாற்காலி ஏன் காலியானது என்றும் எழுதுங்கள்.